கூரையில் ஏறினால் மனைவி தெரிவாள்

கூரைகளில் சூரியத் தகடு பூட்டுகிறவனுக்கு, ஜெர்மனியில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்த மரம் எந்தப் பக்கம் நிழல் போடும் என்பதெல்லாம் அத்துபடி. எங்கே இன்டர்நெட் கிடைக்கும் என்பது மட்டும் கடைசிவரை பிடிபடாது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. மாட்டுக்கொட்டில் வைத்திருந்த விவசாயிகள் எல்லோரும் கூரையில் தகடு போட்டு மின்சாரம் விற்கத் தொடங்கியிருந்த காலம். எங்கள் கம்பெனி ஹனோவரில். வேலைகளோ நாலா திசையிலும். ஹோட்டல் எடுத்துக் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று முதலாளி ஒரு பழைய வோன்மொபிலை வாங்கி எங்களிடம் தந்தார். வோன்மொபில் என்றால் படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாவற்றையும் சக்கரத்தின் மேல் ஏற்றிய வீடு. ஜெர்மன்காரர் ஓய்வுபெற்ற பிறகு ஆசைப்பட்டு வாங்கி ஊர் சுற்றுவார்கள். நானும் தவம் அண்ணையும் அதில் திங்கள் புறப்பட்டால் வெள்ளிதான் வீடு. தவம் அண்ணை இலங்கையிலிருந்து எனக்கு முன்பே வந்தவர், தொழிலில் மூத்தவர், சமையலிலும் மூத்தவர்.

அந்த வருடம்தான் எனக்கு எழுத்து முடிந்திருந்தது. எங்கள் ஆட்களிடம் எழுத்து என்றால் பதிவுத் திருமணம். சட்டத்துக்கு அது போதும், சனத்துக்குப் போதாது. தாலி கட்டினால்தான் புருசன் பெண்சாதி. கொழும்புக்குப் போய்ச் சுகந்தியை எழுதிவிட்டு இரண்டு கிழமையில், பதினாலாம் நாள், திரும்பிவிட்டேன். தாலி, அவள் ஜெர்மனிக்கு வந்த பிறகு என்று மாமி, அதாவது சுகந்தியின் அம்மா, தீர்மானித்துவிட்டார். அந்த இரண்டு கிழமையில் நாங்கள் இருவரும் தனியாக ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. அவள் வருவதற்கு முதலில் ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். பிறகு அங்கே தூதரகத்தில் அவளையும் இங்கே கந்தோரில், அதாவது வெளிநாட்டவர் அலுவலகத்தில், என்னையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். இது உண்மைக் கலியாணம்தான் என்று அவர்கள் நம்பினால் விசா. நம்பாவிட்டால் இல்லை. நம்ப வைக்க வேண்டுமென்றால் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கதைக்க வேண்டும். கதைக்க வேண்டுமென்றால் சிக்னல் வேண்டும்.

போன் காட் போட்டுக் கதைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கதைத்தோம்தான். ஆனால் ஒரு முகத்தை இரண்டு கிழமை மட்டும் பார்த்தவனுக்குக் குரல் போதாது. குரல் கேட்கக் கேட்க முகம் மறந்துகொண்டு போனது. அதைவிடப் பயம் வேறு இல்லை. கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி வயல் நடுவில் சுற்றிச் சுற்றி நின்ற அன்பர்களே, என் கதை உங்களுக்கு விளங்கும்.

வெள்ளைப் புள்ளிகள்

ஹனோவர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு இன்டர்நெட் ஸ்டிக் வாங்கினேன். பெருவிரல் அளவு. மடிக்கணினியில் செருகினால் உலகம் வந்துவிடும் என்றாள் விற்பனைப் பெண். அத்தாட்சிக்கு ஒரு வரைபடத்தையும் விரித்தாள். ஜெர்மனி முழுவதும் ரோஸ் நிறம். ரோஸ் இருக்கும் இடமெல்லாம் இன்டர்நெட். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அதை நான் அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

திங்கள் போன ஊர் வெள்ளைப் புள்ளி. அடுத்த கிழமை போன ஊரும் அதே. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். மாடும் பன்றியும் வளர்க்கிறவன் சனம் இல்லாத இடத்தில் வளர்க்கிறான். சனம் இல்லாத இடத்தில் சிக்னல் கோபுரம் நட எந்தக் கம்பெனிக்கும் பைத்தியமில்லை. பெரிய கூரைகள் இருப்பதோ மாடும் பன்றியும் உள்ள இடத்தில்தான். ஆகவே என் வேலையும் சிக்னலும் ஒரே ஊரில் சந்திக்க வழியே கிடையாது. சனிக்கிழமை கடைக்குப் போய் அதே வரைபடத்தை விரித்து, நான் படுத்தெழும்பிய வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பிள்ளை பொறுமையாகப் பார்த்தாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்:

"நீங்கள் ஏன் எப்போதும் இப்படிப்பட்ட இடங்களுக்கே போகிறீர்கள்?"

தாச்சி

குழிவான இரும்புப் பாத்திரத்தின் நடுவில் ஸ்டிக்கை வைத்தால் சிக்னல் கூடும் என்று யாரோ இன்டர்நெட்டில் எழுதியிருந்தார்கள். அதை வாசிப்பதற்கே எனக்கு இன்டர்நெட் கிடைத்தது ஒரு பெற்றோல் நிலையத்தில். எங்கள் வோன்மொபிலில் குழிவான பாத்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தவம் அண்ணையின் தாச்சி. ஊரிலிருந்து வந்தது, கையில் தூக்கினால் தோள் வலிக்கும். அண்ணை அதைத் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்காத குறை.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தாச்சியை வண்டிக் கூரைக்கு ஏற்றினேன். அகப்பைக் காம்பில் ஸ்டிக்கைக் கட்டி, நீளமான வயரை ஜன்னலால் உள்ளே விட்டேன். தாச்சியைக் கொஞ்சம் கிழக்கே திருப்பியதும் ஒரு கோடு மூன்று கோடாகி, திரையில் படம் விழுந்தது. சுகந்தி வந்தாள். முகம் சதுரம் சதுரமாகத்தான் வந்தது. ஒரு சதுரத்தில் கண், இன்னொன்றில் மூக்குத்தி. ஆனால் அவள் சிரித்தது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "சாப்பிட்டீரோ?" என்று மூன்று தரம் கேட்டேன். அந்த நேரம் பார்த்து வண்டியின் கதவு திறந்தது. தலையில் துவாயோடும் ஒரு கையில் விவசாயி கொடுத்த வெங்காயத்தோடும் அண்ணை நின்றார். வெறும் அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னலால் போன வயரைப் பார்த்தார்.

"தம்பி, முடிவாச் சொல்லு. இண்டைக்கு உனக்குக் கறி வேணுமோ, மனிசி வேணுமோ?"

ஏணி

விடையைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். பவேரியாவில் ஒரு மாட்டுக்கொட்டில். உச்சிக்கு ஏறினபோது சட்டைப்பையில் இருந்த போன் விடாமல் துடித்தது. மூன்று நாள் வராத குறுஞ்செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. கீழே இல்லாத சிக்னல் மேலே இருந்திருக்கிறது! இத்தனை நாளும் நான் கூரை மேல்தான் நின்றுகொண்டிருந்தேன், போனைக் கீழே வைத்துவிட்டு.

அன்றிலிருந்து எங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் சந்திப்பு நேரம். அங்கே பின்னேரம். சுகந்தி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நெட் கபேயில் தடுப்புக்குள் போய் உட்காருவாள், மாமி பக்கத்தில் ஒரு ஸ்டூலில். தாலி ஏறும் வரைக்கும் கம்பியூட்டரில்கூடத் தனியாக விட மாட்டார். நான் இடுப்பில் பாதுகாப்புப் பட்டியோடு உச்சியில் குந்துவேன். வெயிலில் திரை தெரியாது என்பதால் தகடு வந்த மட்டைப் பெட்டியை வெட்டி மடிக்கணினிக்கு ஒரு குடில் செய்திருந்தேன். எனக்குப் பின்னால் எப்போதும் நீல வானம். மருமகன் பெரிய மாடி வீட்டில் இருக்கிறார் என்று மாமி ஊரெல்லாம் சொல்லியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

ஒருநாள் சுகந்தி ஜெர்மன் வினைச்சொற்களை ஒப்புவித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்குப் பின்னாலை நிண்ட ஏணி நடந்து போகுது" என்றாள். லைன் கோளாறு என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பற்றரி செத்து, அவளும் மறைந்த பிறகு இறங்கப் போனால் ஏணியைக் காணோம். தவம் அண்ணை வண்டிக்குள் குறட்டை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு விவசாயி வந்தார், தோளில் ஏணி, கையில் ஒரு வாளி செர்ரிப்பழம். ஏன் ஐயா இப்படி என்று கேட்டேன்.

"மனைவியோடு பேசுகிறவனுக்கு இறங்க அவசரம் இருக்காது என்று நினைத்தேன்" என்றார்.

ஓம்

சிக்னல் வந்தால் துன்பம் தீரும் என்று நினைத்திருந்தேன். அடுத்த துன்பம் அதற்குள்ளேயே இருந்தது. நான் சொல்வது அவளுக்குப் போய்ச் சேர நாலைந்து நொடி எடுக்கும். சுகந்தி ஒருநாள், மாமி தண்ணீர் குடிக்க எழும்பிய நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "என்னை நினைக்கிறனீங்களோ?" என்று கேட்டாள். நான் அந்தக் கணமே "ஓம்" என்றேன். அது கடல் மலையெல்லாம் கடந்து போய்ச் சேருவதற்குள் அவளுடைய திரையில் என் முகம் பாதிக் கண் மூடியபடி உறைந்து நின்றிருக்கிறது. நான் யோசித்துத்தான் மறுமொழி சொல்கிறேன் என்று அவளுக்குக் கவலை. இரண்டு நாள் கபே பக்கம் வரவில்லை.

இதற்கு நான் கண்ட மருந்து, கேள்வி முடிவதற்கு முன்பே "ஓம்" சொல்லிவிடுவது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள் அவள் கேட்டாள்: "உங்களுக்கு என்னிலை ஏதும் குறை தெரியுதோ?" நான் அனுப்பிய ஓம் ஏற்கெனவே வழியில் இருந்தது. நிறுத்தவும் ஏலாது, திருப்பிக் கூப்பிடவும் ஏலாது! அவள் முகம் மாறுவதை நாலைந்து நொடி கழித்துப் பார்த்தேன். அதன் பிறகு நான் சொன்ன சமாதானம் ஒன்றும் போய்ச் சேரவில்லை, லைன் அறுந்துவிட்டது. இறங்கி வண்டிக்குள் வந்து குந்தினேன். தவம் அண்ணை கதை முழுவதையும் கேட்டுவிட்டுப் பருப்பைக் கிண்டியபடி சொன்னார்:

"நான் மனிசியோடை ஒரே வீட்டுக்குள்ளை இருக்கிறன். உந்தக் கேள்விக்கு இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

துவாய்

ஆஹென் பக்கம் ஒரு வேலை. மழை. கூரையில் ஏற முடியாது. அந்த வேலைக்கு வரைபடம் போட்டுத் தந்த கார்த்திக் என்ற பொறியியலாளர் எங்களைப் பார்க்க வந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை, ஆஹெனில் படித்துவிட்டு அங்கேயே வேலை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, டல்லா இருக்கீங்க?" என்றார். சொன்னேன். இதெல்லாம் ஒரு பிரச்சனையா என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, வோன்மொபிலை ஒரு கேம்பிங் இடத்துக்கு ஓட்டச் சொன்னார். அங்கே வயரில்லா இன்டர்நெட் இருக்கிறதாம். வரவேற்பறையில் ஒரு துண்டுச்சீட்டு வாங்கி, அதில் உள்ள எண்ணை அடித்தால் ஒரு மணித்தியாலம் நம்முடையது.

கார்த்திக் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு அந்த இடம் முழுக்க நடந்து அளந்தார். கடைசியில் உட்காரும் வாங்கு ஒன்றைக் காட்டினார். ஐந்து கோடும் நிரம்பி வழிந்தது. சுகந்தி முதன்முறையாகச் சதுரம் இல்லாமல், முழு முகமாக வந்தாள். இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை அன்றுதான் கண்டேன். கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவளும் மாமியும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாங்கு குளியலறை வாசலில் இருந்தது. இடுப்பில் துவாயும் கையில் சோப்புப் பெட்டியுமாக வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்துபோனார்கள். பெண்களும்தான். ஒரு பெரியவர் துவாயைத் தோளில் போட்டிருந்தார். மாமியின் கை குறுக்கே வந்து கமெராவை மூடியது. மாடி வீட்டு மருமகன் எங்கே குடியிருக்கிறார் என்று அந்தக் கிழமை முழுவதும் விசாரணை. கார்த்திக்கிடம் முறையிட்டேன்.

"அண்ணே, சிக்னல் ப்ராப்ளம் சால்வ்டு. பேக்கிரவுண்டு என் ஸ்கோப்ல இல்ல."

வெளிநாட்டுப் பயணம்

தெற்கே, பெரிய ஏரிக்கரையில் ஒரு பன்றிப் பண்ணை. எதிர்க்கரை சுவிற்சர்லாந்து. அங்கே மட்டும் வோன்மொபிலுக்குள் படுத்திருந்தபடியே சிக்னல் முழுசாக வந்தது. கூரை வேண்டாம், தாச்சி வேண்டாம். பிள்ளையாரே கண் திறந்துவிட்டார் என்று, ஐந்து நாளும் ஆசை தீரக் கதைத்தேன். மாமிக்கே அலுத்து, ஸ்டூலில் இருந்து நித்திரை கொண்டார். அந்த ஐந்து நாளில்தான் சுகந்தி எனக்கு முழுப் பாட்டு ஒன்று பாடிக் காட்டினாள்.

மாதக் கடைசியில் பில் வந்தது. தொகையைச் சொல்ல மாட்டேன். தவம் அண்ணை அதைப் பார்த்து என்னை உட்காரச் சொன்னார். என் ஸ்டிக் ஜெர்மனியில் இருந்துகொண்டே ஏரியைத் தாண்டிச் சுவிற்சர்லாந்துக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது. வெளிநாட்டுக் கணக்கு. இன்டர்நெட் கம்பெனிக்கு அடித்து, நான் நாட்டை விட்டு ஒரு அடி நகரவில்லை, பன்றிப் பண்ணையில்தான் நின்றேன், வேண்டுமென்றால் பன்றிகளைக் கேளுங்கள் என்று கத்தினேன். மறுமுனையில் இருந்தவர் ஒரு துளி கோபப்படவில்லை.

"ஐயா, நீங்கள் சுவிற்சர்லாந்தில் எங்கே இருந்தீர்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியும்."

பதினாறு வருடம்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. லைப்சிக்கில் இருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு கிராமம். கணவனை இழந்த ஒரு அம்மையாரின் தானியக் களஞ்சியத்துக்குத் தகடு போட்டோம். காலையில் வண்டியின் வானொலியில் கொழும்பில் குண்டு வெடித்தது என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, கால்பந்துக்குப் போய்விட்டார்கள். எந்த இடம், எத்தனை பேர், ஒன்றும் இல்லை. சுகந்தி காலையில் பஸ் பிடித்துத்தான் ஜெர்மன் வகுப்புக்குப் போவாள்.

ஸ்டிக்கில் ஒரு கோடும் இல்லை. கூரையின் உச்சியில் நின்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். இல்லை. போனில் ஒரு கோடு வந்தது, அடித்தால் கொழும்பு லைன்கள் எல்லாம் நெருக்கடி என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மறுபடி மறுபடி அதே எண்ணை அடித்தேன். தவம் அண்ணை என் பட்டியைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்த அம்மையார் என்ன ஏது என்று கேட்டார். எனக்கு ஜெர்மன் வரவில்லை, அழுகைதான் வந்தது. அண்ணைதான் சொன்னார். அம்மையார் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய், டெலிபோன் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார். தானே எண்ணைக் கேட்டுக் கேட்டு அடித்தார். லைன் கிடைக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி அடித்தார். உருளைக்கிழங்கு அடுப்பில் கருகுகிற வாசம் வந்தும் எழும்பவில்லை.

பின்னேரம் லைன் கிடைத்தது. "நான் இண்டைக்கு வகுப்புக்குப் போகேல்லை, தடிமன், ஒரே தும்மல். படுத்திருந்தனான்" என்றாள் சுகந்தி. அவ்வளவுதான். அந்தத் தடிமனுக்கு நான் வைத்த நேர்த்திக்கடன்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. அழைத்த செலவைக் கொடுக்கப் போனபோது அம்மையார் என் கையைத் தட்டிவிட்டார். அந்தப் பக்கம் பழைய கிழக்கு ஜெர்மனி. அவர் டெலிபோனைத் துணியால் துடைத்தபடி சொன்னார்:

"இந்த வீட்டுக்கு இது வருவதற்கு நாங்கள் பதினாறு வருடம் காத்திருந்தோம். உன் மனைவி அதற்கு முன்னால் வந்துவிடுவாள்."

ஒரே கேள்வி

சுகந்தி பரீட்சை பாஸ். விசாரணைக்கு இரண்டு பேருக்கும் தெர்மின், அதாவது வரச்சொல்லி நாள், கிடைத்தது, அவளுக்கு அங்கே, எனக்கு இங்கே. அனுபவப்பட்ட ஆட்கள் எச்சரித்திருந்தார்கள்: ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்பார்கள், மறுமொழி பிசகினால் போச்சு. எழுத்தன்று கட்டிய சேலையின் நிறம், சகோதரங்களின் பெயர், யார் சாட்சிக் கையெழுத்து என்று கூரைக்கு மேலே இருந்து ஒத்திகை பார்த்தோம். பாதியில் லைன் அறுந்தால் மற்றப் பாதி அடுத்த நாள். நான் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு கந்தோரில் இருந்து மறுபடி வரச்சொன்னார்கள்.

அதிகாரி ஒரு பெண்மணி. இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடைசியாக எப்போது இருவரும் சேர்ந்து சாப்பிட்டீர்கள் என்பது கேள்வி. நான் சொன்னது: எழுத்தன்று, கொழும்பில், அவர்கள் வீட்டில். சுகந்தி சொன்னது: நேற்று.

நேற்று எப்படி? பிறகு மெல்லப் பிடிபட்டது. மத்தியானம் நான் கூரையில் பாண் பெட்டியைத் திறக்கும்போது அவளும் அங்கே ஒரு இனிப்புப் பணிஸும் தேத்தண்ணியும் வைத்திருப்பாள். நான் ஒரு கடி கடிக்கிற வரைக்கும் அவள் தன்னுடையதைத் தொட்டதே இல்லை. சதுரம் சதுரமாக வந்த படத்தில் அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு அது வேலையில் ஒரு இடைவேளை. அவளுக்கு அது புருசனோடு சாப்பிடுகிற சாப்பாடு. இதையெல்லாம் என் ஓட்டை ஜெர்மனில் சொன்னேன். அவளை எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று வெட்கமாகவும் இருந்தது. அதிகாரி கடைசிவரை கேட்டார். இரண்டு தாளையும் சேர்த்து மூடினார்.

"பொய்க் கலியாணக்காரர் சொல்வது ஒரு சொல்லும் பிசகாமல் பொருந்தும். நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

ஹனோவர்

இலையுதிர் காலத்தில் சுகந்தி வந்தாள். பக்கத்து ஊர்க் கோவிலில் தாலி கட்டினேன். மாமி அங்கேயிருந்து போனில் கெட்டிமேளம் கேட்டார். ஹனோவரில் எடுத்திருந்த சின்ன வீட்டுக்கு முதல் வேலையாக நல்ல வேகமான இன்டர்நெட் இழுத்திருந்தேன். அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு ஒருநாளும் அணையாது. ஒரு கிழமை லீவு. அந்த ஒரு கிழமையும் இரண்டு பேரும் கம்பியூட்டர் பக்கமே போகவில்லை. அவளைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் புதினமாக இருந்தது. சமையலறையில் நின்று கூப்பிட்டால் அங்கிருந்தே மறுமொழி வந்தது. அதற்கே ஒவ்வொரு தரமும் சந்தோசப்பட்டேன்.

திங்கட்கிழமை தவம் அண்ணை வோன்மொபிலோடு வாசலில் வந்து ஹோர்ன் அடித்தார். மலையடிவாரத்தில் ஒரு கிராமம், குளிர் வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. சுகந்தி கையசைத்துவிட்டு, "மத்தியானம் கமெராவைப் போட்டுக்கொண்டு இருப்பன்" என்றாள். அந்த ஊர் முழுக்க முழுக்க வெள்ளைப் புள்ளி. கூரையில் ஏறினால் கண் தெரியாத பனிப்புகார். உச்சியில் நின்றும் ஒரு கோடும் இல்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, புதன் இல்லை. அவள் பச்சை விளக்குக்கு முன்னால், பணிஸோடு காத்திருப்பாள் என்று நினைக்க நினைக்க முறுக்காணியைத் தப்பான ஓட்டையில் பூட்டிக்கொண்டிருந்தேன். முந்தியெல்லாம் ஏங்கினால் அதற்கு விசா, கடல், தூதரகம் என்று காரணம் சொல்லலாம். இப்போது இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணத் தூரத்தில் அவள் இருந்தாள். ஏக்கம் மட்டும் ஒரு அங்குலமும் குறையவில்லை. இன்னும் சொன்னால் கூடியிருந்தது. இப்போது எனக்கு அவளுடைய கையின் சூடு தெரியும்.

வியாழன் பின்னேரம் விவசாயியின் டெலிபோனை இரந்து வாங்கி வீட்டுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். கேக்குதோ, கேக்குதோ என்று நான் பழக்கத்தில் கத்தினேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவள் மெல்லச் சொன்னாள்:

"கொழும்பிலை இருக்கேக்கை நான் உங்களை இதைவிடக் கூடப் பாத்தனான்."

அன்பர்களே, மனைவியை ஜெர்மனிக்குக் கூப்பிட ஒரு அரசாங்கம் சம்மதித்தால் போதும். ஜெர்மனிக்குள் அவளோடு குடும்பம் நடத்த ஒவ்வொரு ஊர்ச் சிக்னல் கோபுரமும் சம்மதிக்க வேண்டும்.